அந்தரம் அக்காவின் ஏழு வருசம்

என் பிறந்தநாள் மார்கழியில் வரும். அக்காவின் பரிசு ஐப்பசியிலேயே வந்துவிடும். வாசலில் நின்றபடியே பையை என் கையில் திணித்து, "இந்தா பிடி. நான் மார்கழிமட்டும் இருப்பனோ இல்லையோ, ஆர் கண்டது?" என்பார். பிறகு "இருக்க நேரமில்லைப் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து கதிரையில் சாய்வார். இரண்டு தேத்தண்ணி குடித்து, என் குழம்பில் உப்புக் குறைவு என்று தீர்ப்பும் சொல்லி, இருட்டின பிறகுதான் எழும்புவார்.

மொன்றியலுக்குப் பக்கத்தில், டோர்வலில் எங்கள் தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாருக்கும் அவர் அக்காதான். முதுகுக்குப் பின்னால் மட்டும் அந்தரம் அக்கா. அவசரமும் பதற்றமும் கலந்து ஒரு மனிசரைப் பிடித்து ஆட்டினால் அதற்குப் பெயர்தான் அந்தரம். அந்தப் பட்டம் அவருக்கும் தெரியும், கோபிக்கவே மாட்டார். "சண்டைக்குள்ள அந்தரப்பட்டு வெளிக்கிட்டபடியால்தான் உயிரோட வந்து சேர்ந்தனாங்கள். ஆறுதலா இருந்தவையெல்லாம் எங்க?" என்று திருப்பிக் கேட்பார்.

தீபாவளிப் பலகாரம் அவர் வீட்டில் புரட்டாதியில் பொரியும். குளிர்கால ரயர் ஆவணி வெயிலிலேயே காரில் ஏறிவிடும். வீட்டிலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம். கூரைக்கு மேல் பிளேன் போகும்போது நாங்கள் கதையை நிறுத்துவோம், அக்கா நிறுத்தமாட்டார், குரலை உயர்த்துவார். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, பின்னேரப் பிளேனுக்கு விடியற்காலையே போய்க் குந்திவிடுவார். "அக்கா, பிளேனை நீங்களோ ஓட்டப்போறியள்?" என்று ஒருமுறை கேட்டேன். "ஓட்டுறவன் பிந்தி வந்தால் ஆர் பொறுப்பு?" என்றார்.

நான் திருகோணமலைக்காரி. அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பிளேனுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் எனக்கு வேலை. கணவருக்கு டவுன்டவுனில் ஒரு உணவகத்துச் சமையலறையில் இரவு வேலை. எனக்கு வேலை பிந்துகிற நாளெல்லாம் இரண்டு வயது மகளைக் கார்டெரியில், அதுதான் பிள்ளைக் காப்பகத்தில், இருந்து கூட்டிக்கொண்டு போய்ச் சோறு தீத்தி வைத்திருப்பவர் அக்கா. கார்டெரி மூட இரண்டு மணித்தியாலம் இருக்கும்போதே போய் வாசலில் நின்று, அந்தப் பெண்களுக்கு "பொன்ஜூர், பொன்ஜூர்" சொல்லிச் சொல்லியே பிள்ளையைப் பறித்துக்கொண்டு வந்துவிடுவார். அவர்களும் பழகிப்போனார்கள்.

இந்த அந்தரம் ஒரே ஒருமுறை நின்றது. அத்தான், அதுதான் அக்காவின் கணவர், ஒரு நாள் காலையில் எழும்பாமலே போய்விட்டார். அவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி, முதுகை முறித்து வாங்கிய வீடு அது. செத்த வீட்டுக்கு வந்த சனம் கலைந்து போனது. ஒரே மகள் ரொறன்ரோப் பக்கம் மார்க்கம் என்ற ஊருக்குத் திரும்பிப் போனாள், அவளுக்கு வேலை, பிள்ளைகள். அக்கா யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு சோபாவில் இருந்துவிட்டார். கொண்டுபோன சோறு கொண்டுபோனபடியே கிடக்கும். "பேந்து சாப்பிடுறன்" என்பார். அக்கா வாயில் பேந்து, பிறகு என்கிற சொல்! லண்டனில் இருந்த அவருடைய தமக்கைக்குப் போன் எடுத்து, ஒளிக்காமல் அழுதேன். "பெரியக்கா, இவ சாப்பிடுறாவில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றேன். பெரியக்கா அங்கே ஒரு கணக்குக் கந்தோரில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வு எடுத்தவர். அவர் அழவில்லை. "சரி, நான் கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் நான் இருக்கும்போதே அவருடைய அழைப்பு வந்தது. அக்காவுக்குக் காதில் பிடிக்கவும் மனமில்லை. போனை மேசையில் வைத்து நான்தான் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

"எடியே, கேக்கிறியே? நான் பெரிய வீட்டை வித்துப்போட்டுச் சின்ன வீட்டுக்கு வந்திட்டன்."

"ம்."

"இஞ்ச செத்தால் சொத்துக்கு வரி. இருந்த வீடு பிள்ளையளுக்குப் போனால் அதில ஒரு மேலதிகச் சலுகை கிடக்கு. சின்ன வீட்டுக்கு மாறினபடியால் அந்தச் சலுகையும் சின்னனாப் போச்சுதெண்டு நான் ஏங்கிப்போனன். போகேல்லையடி! வீடு வித்து வந்த சொத்தும் பிள்ளையளுக்கே போனால், பழைய வீட்டுக்குக் கிடைக்க இருந்த சலுகையைத் திருப்பிக் கேக்கலாமாம்."

"ம்."

"நீ என்ன செய்யப்போறாய்? உன்ர பெட்டைக்கு வீட்டைக் குடுக்கிறதெண்டால் உயிரோட இருக்கேக்க குடுக்கோணும். குடுத்திட்டு வெளிக்கிடோணும். உள்ளுக்க இருந்துகொண்டு குடுத்திட்டன் எண்டால் அது கணக்கில வராது. குடுத்த நாளில இருந்து ஏழு வருசம் நீ உயிரோட இருக்கோணும். அதுக்குள்ள கண்ணை மூடினியோ, வரி பெட்டையின்ர தலையில!"

அக்கா இந்த முறை ம் சொல்லவில்லை. சோபாவில் நிமிர்ந்தார்.

"எத்தினை வருசம்?"

"ஏழு. நோட்டரியிட்டப் போய் வடிவாக் கேட்டுத்தான் எழுதோணும். சும்மா எழுதிப்போடாதை."

போன் வைத்த கையோடு அக்கா எழும்பிப் போய் யன்னல் சீலையை இழுத்தார். வெளிச்சம் விழுந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, எனக்கு இப்ப என்ன வயசு?"

"அறுபத்திநாலு."

"அப்ப எழுபத்தொண்டு மட்டும் இருக்கோணும். எங்க அந்தச் சோறு? கொண்டா."

நான் சோற்றைச் சூடாக்க ஓடினேன். அது லண்டன் சட்டமோ, மொன்றியல் சட்டமோ என்று யோசிக்கிற நிலையிலா நான் இருந்தேன்? எங்கள் சனத்துக்கு இது ஒரு வியாதி. பாரிஸ் தம்பி சொன்ன மருந்தை ரொறன்ரோவில் குடிப்போம், சுவிஸ் மச்சாள் சொன்ன காப்புறுதியை இங்கே தேடுவோம். குடும்பம் நாலு நாட்டில் சிதறிக் கிடந்தால் சட்டமும் நாலு நாட்டில் இருந்து வந்து ஒரே சட்டிக்குள் விழும். அதைக் கிண்டி நாங்களே சாப்பிட்டுவிடுவோம்.

அடுத்த நாளில் இருந்து தெரு அமர்க்களப்பட்டது. விடியவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என் கதவைத் தட்டுவார். ஏரிக்கரை ஓரமாக நடை. அவர் நடக்க, நான் பின்னால் இளைத்து இளைத்து ஓடவேண்டும். தேத்தண்ணியில் சீனி நின்றது. டொக்டரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் ஒரு லெபனான்காரப் பொடியன், நல்ல பிள்ளை. அக்கா சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் சொன்னேன்.

"அவரிட்டச் சொல்லு பிள்ளை. என்னை ஏழு வருசத்துக்கு ஓட்டி விடட்டும். அதுக்குப் பேந்து அவரின்ர விருப்பம்."

பொடியன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். ஏன் ஏழு என்று கேட்டான். நான் விளக்கவெளிக்கிட்டு, பாதியில் எனக்கே ஒன்றும் விளங்காமல், "அது எங்கட சனத்தின் கணக்கு" என்று முடித்துவிட்டேன்.

வீடு காலியாகத் தொடங்கியது. நோட்டரியிடம் நாள் குறிக்கும் முன்னரே சாப்பாட்டு மேசை எதிர்வீட்டு ஹெயிட்டிக்காரருக்குப் போய்விட்டது. பெரிய சட்டிகள் எனக்கு வந்தன. சோபாவைக் கொடுத்துவிட்டு, எங்களைப் பாயில் இருத்தித் தோசை சுட்டுத் தந்தார். மொன்றியல் முழுக்க யூலை முதலாம் திகதி வீடு மாறும், தெருவெல்லாம் மெத்தையும் குளிர்பெட்டியுமாகக் கிடக்கும். அக்கா சித்திரையிலேயே பெட்டி கட்டிவிட்டார். போகிற இடம் எது என்று மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

அக்காவின் மகள் போனில் கத்தியது எனக்கும் கேட்டது. "அம்மா, எனக்கு இஞ்ச வீடு இருக்கு. அந்த வீட்டில நீங்கள் இருங்கோ. ஏன் இப்பிடி அந்தரப்படுறியள்?"

அக்கா கட்டிவைத்த பெட்டி ஒன்றில் குந்தினார். இரண்டு பிளேன் போனது.

"என்ர அம்மா எனக்கு வீடும் வளவும் தந்துதான் கலியாணம் கட்டித் தந்தவ. அந்த உறுதிப் பத்திரம் இண்டைக்கும் என்ர பெட்டிக்குள்ள கிடக்கு, வீடுதான் இல்லை. நீ கலியாணம் கட்டேக்க நானும் அப்பாவும் வெறுங்கையோட நிண்டனாங்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒண்டும் கேக்கேல்லை, நல்ல சனம். ஆனால் எனக்கு இன்னும் சுடுது. நான் இருக்கேக்கயே தந்திடோணும். என்னை விடு."

அந்தரத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வைத்திருந்து கொடுக்கலாம் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. வைத்திருந்ததெல்லாம் கையை விட்டுப் போனதைத்தான் அவர் கண்டிருக்கிறார். நான் அழுதுவிட்டேன், எனக்கும் அம்மா தந்த வீடு ஒன்று கடற்கரையில் இருந்தது, இப்போது இல்லை.

நோட்டரி ஒரு இளம் பெண். அக்கா பட்டுச் சேலை உடுத்து, கோயில் திருவிழாவுக்குப் போகிற மாதிரி வந்தார். சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முந்திப் போய்விட்டோம். கடைசியில் அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டு எழுதத் தொடங்கினாள். ஏழு வருசம் என்ற இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மன்னிக்கவேண்டும் மதாம், இந்த ஏழு வருசம் எங்கேயிருந்து வந்தது?"

"லண்டனில் இருந்து," என்றேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆறுதலாகச் சொன்னாள். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். இங்கே வாரிசு வரி என்று தனியாக ஒன்று இல்லை. ஒருவர் இறந்தால், அவர் தன் சொத்தை அன்றைக்கே விற்றார் என்று வைத்து, விலை ஏறிய இலாபத்துக்கு வரி போடுவார்கள். ஆனால் தொடக்கத்தில் இருந்து தானே குடியிருந்த சொந்த வீடு என்றால் அந்த வரியும் இல்லை. மகளுக்கு இப்போதே எழுதிக் கொடுத்தால்தான் வில்லங்கம். அவளுக்கு ஏற்கெனவே குடியிருக்க வீடு இருக்கிறது, ஆகவே எழுதிய நாளில் இருந்து இந்த வீட்டின் விலை ஏற ஏற, பிறகு விற்கும்போது அந்த ஏற்றத்துக்கு அவள் வரி கட்டவேண்டி வரலாம்.

"சின்ன வீட்டுக்குப் போக விருப்பமென்றால் இதை விற்றுவிட்டுப் போங்கள். இலாபத்துக்கு வரி இல்லை. விற்றதை அந்த வருச வரிக் கணக்கில் சொல்ல மட்டும் மறக்கவேண்டாம். வந்த காசில் மகளுக்கு எவ்வளவும் கொடுங்கள், அதற்கும் வரி இல்லை. மிச்சத்தில் உங்களுக்கு ஒரு சின்ன வீடு வாங்குங்கள். நீங்கள் அதில் குடியிருந்தால், அதுவும் ஒருநாள் இதே மாதிரி மகளுக்குப் போகும்."

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல் இருந்தது. எவ்வளவு நல்ல செய்தி! மகளின் தலையில் தெரியாமல் ஒரு வரியைக் கட்டிவிட இருந்த மனிசி, கடைசி வாசலில் தப்பிவிட்டார். மெர்சி, மெர்சி என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். திரும்பிப் பார்த்தால் அக்கா பேயறைந்த மாதிரி இருந்தார்.

காருக்குள் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வழக்கமாக இருக்கைப்பட்டி போடும் முன்னரே "எடு, எடு" என்பவர். நான் சாவியைத் திருப்பாமல் இருந்தேன்.

"அப்ப ஏழு வருசம்?" என்றார்.

"இஞ்ச அது இல்லை அக்கா."

"நான் நாளைக்கே போனாலும் பெட்டைக்கு ஒரு நட்டமும் இல்லையோ?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். யன்னல் சீலை மூடியிருந்த அறையில் கேட்ட குரல். எனக்கு எங்கேயிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது.

"நட்டமில்லையோ? என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? எனக்கு நட்டமில்லையோ? என்ர பிள்ளை ஆரின்ர கையால சாப்பிடுறது? விடியவிடிய என்னை இழுத்துக்கொண்டு போய் நடக்கப் பண்ணிப்போட்டு, இப்ப நாளைக்குப் போறாவாம்! போவியள், போவியள், நான் விட்டால்தானே!"

கத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். வாகனத் தரிப்பிடத்தில் நின்ற ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் என் முதுகில் ஒரு கை விழுந்தது, தடவ இல்லை, தட்ட.

"சரி சரி, மூக்கைத் துடை. பெரியக்காவுக்கு உதைச் சொல்லிப்போடாதை. நான் ஏழு வருசம் இருக்கோணும் எண்டு அவ நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறா. கனடாவில உந்தச் சட்டம் இல்லையெண்டு தெரிஞ்சால் மனிசி சோர்ந்து போயிடும். அவவுக்காக எண்டாலும் நான் இருந்துதான் காட்டோணும். எடு காரை, நேரம் போகுது!"

வீடு விற்கப்பட்டது. பாதிக்கு மேல் மகளுக்குப் போனது, அந்த நாளில் இருந்து பெரியக்காவின் ஏழு வருசக் கணக்கும் தொடங்கியது. மிச்சத்தில் சென்ட் லோரன்டில் ஒரு அறையும் ஒரு வரவேற்பறையும் உள்ள கொண்டோ, அதுதான் அடுக்குமாடி வீடு, வாங்கினார். எல்லாருக்கும் சிறிய வீட்டுக்குப் போனால் முகம் சுருங்கும், அக்காவுக்குக் கொண்டாட்டம். "கூட்ட அஞ்சு நிமிசம் பிள்ளை! மிச்ச நேரமெல்லாம் எனக்கு!" என்று கையைத் தட்டினார். அந்த மிச்ச நேரத்தில் பஸ் ஏறி டோர்வலுக்கு வந்து என் மகளைப் பார்ப்பார். நடையும் தொடர்ந்தது, பனிக்காலத்தில் கடைத்தொகுதிக்குள் நடந்தார். ஒவ்வொரு ஞாயிறும் பெரியக்கா லண்டனில் இருந்து "எத்தினை முடிஞ்சுது?" என்று கேட்பார். அக்கா பெருமையாகச் சொல்லிவிட்டு எனக்குக் கண்ணடிப்பார்.

ஏழு முடிந்தது. அக்கா விழாவே வைத்தார், அதுவும் ஒரு கிழமை முந்தி இல்லை, சரியான நாளில். பெரியக்கா லண்டனில் இருந்து வந்திறங்கினார். மகள் குடும்பம் மார்க்கத்தில் இருந்து வந்தது. கேக்கில் பெரிய ஏழு. பிள்ளைகளுக்கு என்ன விழா என்று விளங்கவில்லை, பிரெஞ்சில் பிறந்தநாள் பாட்டைப் பாடிவிட்டார்கள். "இனி வரியும் இல்லை, கிரியும் இல்லை!" என்று அக்கா தமக்கையைக் கட்டிப்பிடித்துக் கொண்டார்.

நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். பெரியக்கா துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்தார்.

"பிள்ளை, ஒரு கதை. தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதை. உந்த ஏழு வருசச் சட்டம் லண்டனிலதான். கனடாவில இல்லை."

நான் குழாயை மூடினேன். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"எப்பவோ? காலமெல்லாம் கணக்குக் கந்தோரில இருந்தவளுக்குத் தெரியாதோ? அண்டைக்கு அவள் 'ம்', 'ம்' எண்டு கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் குடுக்கிறதெண்டால்தான் அவளுக்கு உயிர் வரும், அதை எனக்குத் தெரியும். அதைப் பிடிச்சு இழுத்தன். நோட்டரி பிழையா எழுத விடாது எண்டும் தெரியும், அதுதான் அங்க போகச் சொன்னனான். பாவம், ஏழு வருசமா நம்பிக்கொண்டிருக்கிறாள்."

சிரிப்பை அடக்கப்போய் எனக்குப் புரைக்கேறிவிட்டது. அழுகையும் வந்தது. இவர் அவருக்காக ஒளிக்க, அவர் இவருக்காக ஒளிக்க, இரண்டு பேரின் கள்ளமும் என் வயிற்றுக்குள். சொல்லவே இல்லை. இன்றுவரைக்கும் இரண்டு பேருக்கும் சொல்லவில்லை.

"அங்க என்ன குசுகுசுப்பு?" என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினார். "கோப்பையைக் கொண்டு வாங்கோ கெதியா!"

அக்கா கொடுத்த காசில் மகள் மார்க்கத்து வீட்டின் பின்பக்கம் அம்மாவுக்கென்று ஒரு அறையும் குளியலறையும் கட்டி வைத்திருந்தாள். அந்த வருசமே அக்கா போக முடிவெடுத்தார். மருமகன் காரோடு வருவதற்கு முதல்நாளே பெட்டிகள் வாசலில் நின்றன. நானும் என் மகளும் வழியனுப்பப் போனோம்.

காருக்குள் ஏறி இருந்தபின், கடைசி நேரத்தில் அக்கா ஒரு பையைத் திறந்து காட்டினார். அரக்குப் பட்டு, அகலக் கரை. இப்படி ஒரு சேலையை நான் கடைக் கண்ணாடிக்கு வெளியில் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

"இது இவளின்ர கலியாணத்துக்கு," என்று என் மகளின் தலையைத் தொட்டார்.

"இந்தா பிடி, நான் இருப்பனோ இல்லையோ" என்று வரப்போகிறது என்று தெரியும். பழக்கதோசத்தில் இரண்டு கையையும் நீட்டினேன். அக்கா சேலையை மடித்து, பைக்குள் வைத்து, தன் மடியோடு அணைத்துக்கொண்டார்.

"என்ன கையை நீட்டுறாய்? இப்ப தரமாட்டன். அண்டைக்கு நானே கொண்டுவந்து உடுத்தி விடுவன்."

"அக்கா, இவளுக்கு ஒன்பது வயசு!"

"அதுக்கென்ன? நான் எங்க போகப்போறன்?"

கார் கதவைச் சாத்தி, "வெளிக்கிடும் தம்பி, நேரம் போகுது" என்று மருமகனை விரட்டினார். கார் முடக்கில் திரும்புமட்டும் நான் நீட்டிய கையை மடக்கவில்லை. அவ்வளவு சந்தோசமாக என் வாழ்க்கையில் ஒருநாளும் வெறுங்கையோடு நின்றதில்லை.